தாயின் நோயும் பிள்ளையின் எழுதுகோலும்

நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் எல்லிஸ் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் தொடங்கி 1954 வரை, பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த மக்களுள் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் அத்தீவைக் கடந்தே அமெரிக்க மண்ணில் குடிபுகுந்தனர். மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் அவர்கள் மாடிப் படிகளில் ஏறி வருகையில், மருத்துவர்கள் ஓரமாக நின்று உற்று நோக்கிக் கொண்டிருப்பார்கள். மூச்சு வாங்குகிறதா? கால் தாங்குகிறதா? கண் சிவந்திருக்கிறதா? பார்வை வெறித்திருக்கிறதா? ஐயத்துக்கு இடமானவரின் மேலாடையில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இடப்படும். இதய நோய்க்கு ஒன்று, கால் ஊனத்துக்கு ஒன்று, கண்நோய்க்கு ஒன்று. மனநலத்தில் ஐயம் தோன்றினால் பெருக்கல் குறி. நோய் உறுதி என்று பட்டால் அந்தப் பெருக்கல் குறியைச் சுற்றி ஒரு வட்டம்.

அந்த வட்டம் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளக்க வல்லது. தாயின் தோளில் அது விழுந்தால் தாய் தனியறைக்கு அழைத்துச் செல்லப்படுவாள். மேற்சோதனையிலும் தேறாவிட்டால், வந்த கப்பல் நிறுவனத்தின் செலவிலேயே திருப்பி அனுப்பப்படுவாள். உடன் வந்த பிள்ளைகள் என் செய்வர்? தந்தையோடு தங்குவதா, தாயோடு திரும்புவதா என்பதை அந்தத் துறைமுகத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

குடியேறிய குடும்பங்களில் தாயோ தந்தையோ மனநோய்க்கு ஆளாக, அதனைத் தாங்கி வளரும் பிள்ளைகளின் கதைகள் இன்று மேலைநாடுகளில் இளையோர் புதினங்களாக வெளிவருகின்றன, பரிசுகளும் பெறுகின்றன. இவை திடீரென முளைத்தவை அல்ல. அந்தச் சுண்ணக்கட்டிக் குறியிலிருந்து இந்தப் புதினங்கள் வரையுள்ள நூறாண்டு வழியைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கடல் கடந்து பொருள் தேடும் மரபினராகிய நமக்கும் அந்த வழியில் கற்றுக்கொள்ள வேண்டியவை உள.

சட்டம் வளர்த்த மௌனம்

மனநோயை மறைத்தல் உலகெங்கும் உள்ள வழக்கமே. ஆயினும் குடியேறிய வீடுகளில் அந்த மறைப்புக்கு வெட்கம் மட்டுமே காரணமாக இருக்கவில்லை. 1882ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், சித்தம் கலங்கியோர் நாட்டினுள் நுழைவதைத் தடுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை மேலும் இறுக்கியது. 1907ஆம் ஆண்டுச் சட்டமோ, கடந்த 5 ஆண்டுகளுக்குள் மனநோய் கண்டிருந்தவர்களையும் விலக்கியது. வந்த 3 ஆண்டுகளுக்குள் ஒருவர் அரசின் செலவில் பராமரிக்கப்பட வேண்டிய நிலையை எய்தி, அதற்குரிய காரணம் வருகைக்கு முன்பே இருந்தது எனக் கண்டால், அவரை நாடு கடத்தவும் வழி செய்தது. 1917இல் அந்த 3 ஆண்டு 5 ஆண்டாக நீண்டது.

இதன் விளைவு யாது? வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே ஆபத்து என்று குடும்பம் அஞ்சியது. உண்மையைச் சொன்னால் சிகிச்சை கிடைக்குமா, நாடு கடத்தும் ஆணை கிடைக்குமா என்று யாரும் அறியார். எனவே கதவைச் சாத்தினர்; திரையை இழுத்து விட்டனர். "வீட்டு விஷயத்தை வெளியில் பேசாதே" என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். மனநோயைத் தனியொரு தடையாக நிறுத்திய பழைய விதிகள் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டு, பிறருக்கோ தமக்கோ தீங்கு நேரும் நிலை உண்டா என்பதே அளவுகோலாயிற்று. சட்டம் மாறினாலும், மூன்று தலைமுறை பழகிய மௌனம் ஒரே நாளில் கலைந்துவிடுமா?

புல்வெளியில் ஒரு தாய்

இந்த மௌனத்தை முதலில் இலக்கியத்தில் உடைத்தவர்களுள் ஒருவர் நார்வே நாட்டவர். ஓலே எட்வர்ட் ரோல்வாக் 1876இல் நார்வேயின் வடகடலோரத் தீவொன்றில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1896இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவுக்குக் குடிபெயர்ந்தார். பண்ணைக் கூலியாக உழைத்துக் கல்வி கற்று, மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் பேராசிரியரானார். 1924, 1925ஆம் ஆண்டுகளில் நார்வேஜிய மொழியில் இரு பாகங்களாக அவர் எழுதிய புதினம், 1927இல் 'ஜயண்ட்ஸ் இன் தி எர்த்' என்னும் பெயரில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று.

கதை 1873இல் டகோட்டாப் புல்வெளியில் தொடங்குகிறது. பெர் ஹன்சா என்னும் உழவன் புதிய நிலத்தைக் கண்டு பூரிக்கிறான். அவன் மனைவி பேரெட்டுக்கோ அந்த நிலமே அச்சம். மரமில்லை, மலையில்லை, அண்டை அயலும் அரிது. காற்றும் வானும் தவிர வேறொன்றும் காணாத அந்த வெளியில் அவள் மனம் மெல்ல மெல்லத் தளர்கிறது. சன்னல்களைத் துணியால் மூடுகிறாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பரம்பரைப் பெரிய பெட்டி ஒன்று அவளிடம் இருக்கிறது. வெட்டுக்கிளிப் படை பயிரை அழிக்க வந்த நாளில், சிறு குழந்தைகளை அணைத்தபடி அவள் அந்தப் பெட்டிக்குள்ளேயே புகுந்து ஒளிகிறாள். அந்த நோயைப் பேய் என்றோ பாவத்தின் கூலி என்றோ ஆசிரியர் முடித்துவிடவில்லை. வேரோடு பிடுங்கி நட்ட செடியின் வாட்டமாகவே அதைக் காட்டுகிறார். ஊர் ஊராகச் செல்லும் மதகுரு ஒருவரின் ஆறுதலில் அவள் மனம் தெளிகிறது. ஆயினும் அந்தத் தெளிவு முழுமையானதாக இல்லை.

பின்னர், பனிப்புயலில் கணவன் மடிய, பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவள் மீது விழுகிறது. அதன் தொடர்ச்சியாக 1928இல் நார்வேஜிய மொழியிலும் 1929இல் ஆங்கிலத்திலும் வந்த 'பீடர் விக்டோரியஸ்' என்னும் புதினம் கடைசி மகனின் கதை. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தாய்மொழி. வெளியே புதிய நாட்டின் அழைப்பு, உள்ளே தாயின் அச்சமும் பிடிவாதமும். தாயை நேசிக்கவும் வேண்டும், தாயிடமிருந்து தப்பவும் வேண்டும் என்ற இரு நிலைக்கு நடுவே அவன் வளர்கிறான். இன்றைய இளையோர் புதினங்களின் விதை இங்கேதான் கிடக்கிறது.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ரோல்வாக் 1931இல் மறைந்தார். மறு ஆண்டே, 1932இல், ஓடெகோர் என்னும் நார்வே நாட்டு மனநோய் மருத்துவர் ஒரு பெரும் ஆய்வை வெளியிட்டார். மின்னசோட்டா மாநில மனநோய் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட நார்வேஜியக் குடியேறிகளின் பதிவேடுகளைத் தாய்நாட்டுப் பதிவேடுகளோடு அவர் ஒப்பிட்டார். மனச்சிதைவு நோய், தாய்நாட்டில் தங்கியோரைவிடக் குடியேறியோரிடையே மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. எந்த மாநிலத்தில் இருந்துகொண்டு புதின ஆசிரியர் பேரெட்டைப் படைத்தாரோ, அதே மாநிலத்தின் ஏடுகளிலிருந்து மருத்துவர் தம் எண்களை எடுத்திருக்கிறார்.

அதற்கு ஓடெகோர் கூறிய விளக்கம், நோய்க்கு இலக்காகும் இயல்புடையோரே நாட்டைவிட்டுக் கிளம்புகின்றனர் என்பதாகும். பின்வந்த ஆய்வுகள் அவ்விளக்கம் போதாதெனக் காட்டின. 2005இல் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர், நாடு பெயராதோரோடு ஒப்பிடுகையில் மனச்சிதைவு நோயின் வாய்ப்பு குடியேறிய முதல் தலைமுறையில் ஏறத்தாழ 2.7 மடங்கு என்றும், அவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ 4.5 மடங்கு என்றும் கண்டனர். பிள்ளைகள் எங்கும் கிளம்பிச் சென்றவர்கள் அல்லர், அங்கேயே பிறந்தவர்கள். அப்படியிருக்க அவர்களிடம் நோய் ஏன் மிக வேண்டும்? ஒதுக்கப்படுதலும் தாழ்த்தப்படுதலும் மனத்தை நோகச் செய்கின்றன என்பதே அறிஞர் பலரின் கருத்து. 2001இல் தென் இலண்டனில் நடந்த ஓர் ஆய்வு, சிறுபான்மை இனத்தவர் தம்மவர் அதிகம் வாழும் பகுதியில் இருந்தால் இந்நோய் குறைவாகவும், தனித்து வாழும் பகுதியில் மிகுதியாகவும் காணப்பட்டதாகக் கூறிற்று. அண்டை வீட்டாரின் ஸலாமும் நலம் விசாரிப்பும் ஒரு மருந்தெனக் கொள்ளலாம் போலும்.

12 வயதுச் சிறுவன்

ரோல்வாக்கின் பீடர் கற்பனைப் பாத்திரம். உண்மை வாழ்விலிருந்து எழுந்த சாட்சியம் பின்னர் வந்தது. ரஷ்யாவிலிருந்து சிறுமியாக அமெரிக்காவுக்கு வந்த யூதப் பெண் நவோமி. அவர் மகன் ஆலன் கின்ஸ்பர்க் 1926இல் பிறந்தவர். பிற்காலத்தில் பெயர்பெற்ற கவிஞர். தாய்க்கு மனநோய். தம்மை யாரோ வேவு பார்க்கிறார்கள், நஞ்சிடப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் அவரை ஓயாமல் வாட்டிற்று. ஒருநாள் அச்சம் பெருகவே, தந்தை வேலைக்குச் சென்றிருந்த வேளையில், 12 வயதுச் சிறுவன் ஆலன் தாயைப் பேருந்தில் ஏற்றி ஓய்வு விடுதியொன்றைத் தேடி அழைத்துச் சென்றான். அங்கே அவரைத் தங்கவைத்துவிட்டுத் தனியே வீடு திரும்பினான். அச்சிறுவன் செய்தது சரியா தவறா என்று கேட்பது முறையன்று. அந்த முடிவை எடுக்கும் இடத்தில் ஒரு சிறுவன் நிற்க நேர்ந்ததே கேட்க வேண்டிய கேள்வி.

நவோமி 1956இல் மனநோய் மருத்துவமனையில் காலமானார். யூத மரபில் இறந்தோருக்காக ஓதப்படும் பிரார்த்தனைக்குக் 'கத்தீஷ்' என்று பெயர். அதனை ஓத வயது வந்த ஆண்கள் 10 பேர் கூடவேண்டும். அவருடைய அடக்கத்தின்போது அத்தனை பேர் திரளவில்லை, பிரார்த்தனை ஓதப்படவில்லை. ஓதப்படாத அந்தப் பிரார்த்தனைக்கு ஈடாக மகன் எழுதிய நெடுங்கவிதை 1961இல் அதே பெயரில் நூலாயிற்று. குடியேறிய தாய் ஒருவரின் நோயை அவர் பெற்ற பிள்ளையே, மறைக்காமலும் பழிக்காமலும் எழுதிவைத்த பெரும் பதிவு அது. ஜனாஸாவில் மக்கள் திரளுவதன் மதிப்பை அறிந்த நம்மவர்க்கு அந்த மகனின் துயரம் எளிதில் விளங்கும்.

இளையோர் புதினத்தின் வருகை

1960களில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், நாட்டுக்கு நாடு விதித்திருந்த பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. கொரியா, சீனா, தைவான், இந்தியா, பாகிஸ்தான், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து குடும்பங்கள் அமெரிக்கா செல்ல வழி பிறந்தது. 1967இல் எஸ்.இ. ஹிண்டன் என்னும் இளம்பெண் தம் பதின்ம வயதிலேயே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்து, இளையோரின் உண்மைத் துன்பங்களை இளையோர் குரலிலேயே பேசும் புதினங்களுக்குக் கதவு திறந்தது. முதல் மாற்றம் பிள்ளைகளைக் கொண்டுவந்தது. இரண்டாவது, அவர்கள் பேசுவதற்கு ஒரு மேடையை அமைத்தது. இரண்டும் ஒன்று சேரச் சற்றொப்ப ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. வந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து பேனா பிடிக்க வேண்டுமல்லவா?

இடையில் ஒரு பாலமாக 1976இல் மாக்ஸின் ஹாங் கிங்ஸ்டனின் 'தி உமன் வாரியர்' வந்தது. கலிபோர்னியாவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் எழுதிய தன்வரலாற்று நூல் இது. கணவனைத் தேடி ஹாங்காங்கிலிருந்து வரும் சிற்றன்னை, அவன் வேறொருத்தியோடு வாழ்வதைக் கண்டு மனம் பேதலித்து, இறுதியில் மனநோய் விடுதியில் மாண்டு போகிறார். வீட்டுப் பிள்ளைகள் அதனைக் கண்கூடாகக் காண்கின்றனர். வீட்டில் நடந்ததை வெளியே சொல்லாதே என்ற கட்டளையை மீறுவதே இந்நூலின் உயிர்நாடி.

2001இல் ஆன் நா என்னும் கொரிய வம்சாவளி எழுத்தாளரின் 'எ ஸ்டெப் ஃபிரம் ஹெவன்' வெளியாகி, 2002இல் இளையோர் இலக்கியத்துக்குரிய பிரின்ட்ஸ் விருதைப் பெற்றது. நான்கு வயதில் அமெரிக்கா வரும் யங் ஜூ என்னும் சிறுமி அந்நாட்டைச் சுவர்க்கம் என்றே நம்புகிறாள். தந்தையோ தாழ்ந்த வேலையிலும் தோல்வியிலும் மனம் கசந்து மதுவில் வீழ்கிறார், கை ஓங்குகிறார். அண்டை அயலார் அறியாமல் மூடிவைத்திருந்ததை, இறுதியில் காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்து வெளியே கொணர்பவள் மகள்தான்.

2018இல் எமிலி எக்ஸ்.ஆர். பான் எழுதிய 'தி அஸ்டானிஷிங் கலர் ஆஃப் ஆஃப்டர்' வந்தது. தைவானில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த தாய் மனச்சோர்வு நோயால் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். 15 வயது மகள் லீ, தான் என்றும் கண்டிராத பாட்டன் பாட்டியைத் தேடித் தைவானுக்குச் செல்கிறாள். ஏன் என்ற கேள்விக்கு ஒற்றைக் காரணம் கிடையாது, அது மகளின் குற்றமும் அன்று, நோய் நோய்தான். இதனை அவள் உணர்ந்து கொள்வதே கதையின் சாரம். அதே ஆண்டில் வந்து, 2019இல் மாரிஸ் விருது பெற்ற அதீப் கோர்ரமின் 'டேரியஸ் தி கிரேட் இஸ் நாட் ஓகே' என்னும் புதினத்தில், ஈரானின் யஸ்த் நகரத்துத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த சிறுவனும் அவன் தந்தையும் ஒரே மனச்சோர்வு நோய்க்கு மருந்துண்பவர்கள். தாய்வழி உறவினரைக் காண யஸ்துக்குச் செல்லும்போது, மருந்து எதற்கு என்று கேட்போரிடம் விளக்கம் சொல்லும் கடமை அந்தச் சிறுவனுக்கு நேர்கிறது.

2019இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது வாய் சிம் எழுதிய 'தி சர்ப்ரைசிங் பவர் ஆஃப் எ குட் டம்ப்ளிங்'. சிட்னி நகரத்துச் சீனக் குடும்பம். தாய் நாட்கணக்கில் படுக்கையை விட்டு எழுவதில்லை. எழும் நாட்களில் அவர் வேகம் அச்சமூட்டுகிறது. தந்தை வடக்கே காஸ்ஃபர்டில் உணவகம் நடத்துகிறார். இரவுகளில் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார். தங்கைக்குச் சடை பின்னுவதும், தம்பிக்குச் சோறு கட்டுவதும், பள்ளிக்குப் பொய்க் காரணம் சொல்வதும் மூத்த மகள் அன்னாவின் பொறுப்பாகின்றன. தந்தை தீயவர் அல்லர். குடும்பத்துக்காக உழைப்பதாகவே நம்புகிறார். ஆயினும் அந்த உழைப்பே வீட்டைப் பாராதிருக்க அவருக்கு ஒரு மறைவிடமாகி விடுகிறது. தாய் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நாளில்தான் குடும்பம் வாய் திறக்கிறது.

இவ்வரிசையில் நம் இல்லங்களுக்கு மிக அணுக்கமானது, சபா தாஹிர் எழுதிய 'ஆல் மை ரேஜ்'. 2022இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதையும் 2023இல் பிரின்ட்ஸ் விருதையும் அது பெற்றது. லாகூரிலிருந்து கலிபோர்னியாப் பாலைவனத்துக்கு வந்து விடுதி நடத்தும் முஸ்லிம் குடும்பம். தாய் மிஸ்பா சிறுநீரக நோயால் காலமாகிறார். தந்தை தவ்ஃபீக் மார்க்கம் விலக்கிய மதுவுக்கு அடிமையாகிவிட்டவர். கடனில் மூழ்கும் விடுதியைக் காக்க மகன் சலாஹுத்தீன் போதைப்பொருள் விற்கும் தீய வழியில் இறங்குகிறான். ஆசிரியரும் அதே பாலைவனத்தில் தம் பெற்றோர் நடத்திய விடுதியில் வளர்ந்தவர்தாம். முஸ்லிம் இல்லத்தில் இது நடக்குமா என்று முகம் சுளிப்போர் உண்டு. நடக்கிறது என்று எழுதத் துணிந்ததே இந்நூலின் பெருமை. இக்கதையில் வரும் ஊர்ப் பள்ளிவாசல் இமாமும் அவர் துணைவியாரும் பழி தூற்றாமல் தோள் கொடுக்கின்றனர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பிள்ளையின் தோளில் ஏறிய பாரம்

நாடுகள் வேறு, மொழிகள் வேறு. ஆயினும் இக்கதைகள் அனைத்திலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. புதிய நாட்டின் மொழியைப் பெற்றோரைவிட விரைவாகக் கற்றுக்கொள்வது பிள்ளை. எனவே வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அதுவே மொழிபெயர்ப்பாளர். தாய்க்கு நோய் வரும்போது, அந்த நோயை மருத்துவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் அதன் தலையில் விழுகிறது. பல தாய்மொழிகளில் இந்நோய்க்குப் 'பைத்தியம்' என்பது போன்ற வசைச்சொல்லே உண்டு. கண்ணியமான சொல் பேச்சு வழக்கில் இல்லை. பெற்ற தாயை அச்சொல்லால் குறிக்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? அதனால் பிள்ளை மௌனமாகிறது. தன் பிழையால்தான் உம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று தனக்குள் எண்ணிக்கொள்கிறது.

இவ்விடத்தில் நம் மார்க்கத்தின் போதனை ஒன்று நினைவுக்கு வருகிறது. உறங்குபவர் விழிக்கும் வரையிலும், குழந்தை பருவமெய்தும் வரையிலும், சித்தம் கலங்கியவர் தெளியும் வரையிலும் அவர்களை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூத் முதலிய ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. செயல்களைப் பதியும் எழுதுகோல் அவர்கள் மீது குற்றம் எழுதாது என்பது பொருள். குழந்தையும் மனநோயாளியும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். பாரம் சுமக்கத் தேவையில்லாதவர்கள் என்று மார்க்கம் கூறிய அந்த இருவருள் ஒருவரை மற்றொருவர் சுமக்குமாறு விட்டுவிட்டு, பெரியவர்களாகிய நாம் எங்கே போய்விட்டோம்?

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் கட்டிய பீமாரிஸ்தான், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனை, 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனை ஆகியவற்றில் மனநோயாளிகளுக்கும் இடமும் சிகிச்சையும் இருந்தன. வக்ஃபு வருவாயால் நடந்த மன்சூரியில் செல்வரும் வறியவரும், உள்ளூராரும் வெளியூராரும் ஒருங்கே சேர்க்கப்பட்டனர். எல்லிஸ் தீவில் எந்த நோய்க்காக அந்நியர் திருப்பி அனுப்பப்பட்டனரோ, அதே நோயோடு வந்த அந்நியரை அந்த மருத்துவமனை வரவேற்றது. எனினும் பழம்பெருமையில் உண்மையை மறைத்தல் கூடாது. 1184இல் டமாஸ்கஸ் சென்ற பயணி இப்னு ஜுபைர், அங்கே மனநோயாளிகள் சிலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதியுள்ளார்.

அந்தச் சங்கிலி நம் காலத்திலும் நம் மண்ணிலும் கிடந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் இறைநேசரின் அடக்கத்தலத்தை நாடிப் பல சமயத்தாரும் தம் மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அவ்வூர்க் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் நோயாளிகளால் தப்பியோட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்தது. சட்டம் இரும்புச் சங்கிலியை அகற்றிவிடும். "ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்ற சங்கிலியை யார் அகற்றுவது?

காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் அதிராம்பட்டினமும் கொழும்பையும் பினாங்கையும் ரங்கூனையும் அறிந்த ஊர்கள். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளும் சேர்ந்துகொண்டன. வாப்பா சஃபரில், உம்மா வீட்டில். உம்மாவின் உறக்கம் கெட்டு, உணவு குறைந்து, பேச்சு நின்று போனால் முதலில் அறிவது பத்து வயது மகளாகத்தான் இருக்கும். தொலைபேசியில் "எல்லாரும் நலம்" என்று வாப்பாவிடம் சொல்பவளும் அவளே. சிட்னியின் அன்னா நம் தெருவிலும் இருக்கலாம்.

அந்த மகளுக்கு நாம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. உம்மாவுக்கு வந்திருப்பது ஒரு நோய் என்று அவள் வயதுக்கேற்ற சொல்லில் சொல்ல வேண்டும். அது அவள் செய்த பிழையால் வந்ததன்று என்று ஒருமுறைக்குப் பலமுறை சொல்ல வேண்டும். பெரியம்மாவோ மாமியோ அண்டை வீட்டுப் பெரியவரோ ஒருவர் அந்த வீட்டின் பாரத்தைத் தம் தோளில் ஏற்க வேண்டும். துஆவோடு மருத்துவரையும் நாட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல. வாப்பாவுக்கு உண்மை தெரிய வேண்டும். தெரிந்தபின் அவர் வீட்டைப் பார்க்க வர வேண்டும்.

எல்லிஸ் தீவின் சுண்ணக்கட்டிக் குறி தாயின் தோளிலிருந்து எளிதில் அழிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிள்ளையின் மனத்தில் பதிந்த குறியை அழிக்க நூறாண்டு ஆயிற்று. அதனை அழித்தவர்கள் அந்தப் பிள்ளைகளே. பெற்றோரை இழிவுபடுத்தாமல், நடந்ததை மறைக்காமல், தம் எழுதுகோலால் எழுதி அழித்தார்கள். நம் பிள்ளைகள் வளர்ந்து எழுதும் வரை காத்திராமல், இன்றே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்போம்: "உம்மா எப்படி இருக்கிறார்கள், மகளே?" அவள் உண்மையைச் சொல்லும் வரை எழாமல் இருப்போம்.